ஏழு மணி வெயிலில் ஆறு மாதம்

போன வருடம் செப்டம்பரில் ஆபீஸில் எல்லாருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தார்கள். எனக்கு வந்த ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. ஒன்று ஹீமோகுளோபின், அது கல்லூரிக் காலத்திலிருந்தே குறைவுதான், பழகிப்போன விஷயம். இன்னொன்று வைட்டமின் டி, 11. பக்கத்திலேயே 30க்கு மேல் இருக்கவேண்டும் என்று அச்சாகியிருந்தது. சென்னையில், அதுவும் தாம்பரத்தில், மே மாதம் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொள்கிற ஊரில் இருந்துகொண்டு வெயிலால் கிடைக்கிற ஒரே வைட்டமினில் நான் பெயில்.

டாக்டரிடம் காட்டினேன். கால் வலி, அசதி எல்லாம் சொன்னேன். வாரம் ஒரு வைட்டமின் டி பொடிப் பாக்கெட், சாஷே என்பார்கள், எழுதிக்கொடுத்து, "கொஞ்சம் வெயில்லயும் நில்லுங்கம்மா" என்றார். எந்த நேரத்து வெயில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வெயில் என்றால் இளவெயில், காலை ஆறரை ஏழு மணிக்கு உடம்புக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வெயில். சாஷே வாங்கவே இல்லை. காசு கொடுக்காமல் மொட்டை மாடியில் கிடைப்பதை எதற்கு மருந்துக்கடையில் வாங்குவது என்ற கெட்டிக்காரத்தனம். அக்டோபர் ஆரம்பத்தில் தொடங்கி மார்ச் வரை, மழை நாட்கள் போக, தினமும் ஆறே முக்காலுக்கு மாடி ஏறி அரை மணி நேரம் நடந்தேன். இயற்கை வைத்தியம் என்று ஆபீஸில் இரண்டு பேருக்கு உபதேசம் வேறு செய்தேன்.

மார்ச்சில் திரும்ப ரத்தம் கொடுத்தேன். 12. ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளி, அதுவும் பரிசோதனையில் இயல்பாகவே வரும் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிப்போகிற புள்ளி.

கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததில், பத்து நிமிடத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. நான் நின்ற வெயிலில் வைட்டமின் டி செய்கிற கதிர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

தோலில் நடப்பது என்னவென்றால், நம் மேல்தோலின் அடியடுக்குகளில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்று ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், நாம் ஊரெல்லாம் திட்டுகிற கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய சொந்தம். உடம்பு கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வழியில் அதற்கு முந்தின படி இது. இதன்மேல் புற ஊதாக் கதிரில் ஒரு குறிப்பிட்ட துண்டு, யு.வி.பி. என்கிறார்கள், 290 முதல் 315 நானோமீட்டர் வரைக்கும் உள்ளது, அது பட்டால் அந்த மூலக்கூறின் வளையங்களில் ஒன்று அறுந்து திறந்துகொள்கிறது. வெயிலின் வேலை அதோடு முடிந்தது. அப்புறம் நடப்பதெல்லாம் உடம்புச் சூட்டில் தானாக நடப்பது. நிழலுக்கு வந்த பிறகும் சில மணி நேரத்துக்கு அது மெல்ல மெல்ல உருமாறி வைட்டமின் டி3 ஆகி ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதில் ஒரு மாற்றம் செய்கிறது. லேபில் அளப்பது இந்த இடத்தில் இருக்கும் பொருளைத்தான், ரிப்போர்ட்டில் 25 ஹைட்ராக்சி என்று போட்டிருக்கும். சிறுநீரகம் இன்னொரு மாற்றம் செய்த பிறகுதான் அது வேலைக்கு லாயக்காகி, குடலிடம் போய்ச் சாப்பாட்டில் இருக்கிற கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும், வெயிலில் நின்றுவிட்டு சோப்பு போடக்கூடாது என்றெல்லாம் வாட்ஸப்பில் வருகிறதே, அதை நம்பவேண்டாம். உயிருள்ள அடுக்குக்குள் உண்டாவது சோப்பில் கரைந்து ஓடாது.

முழு விவகாரமும் அந்த யு.வி.பி.யில்தான் இருக்கிறது. ஓசோன் படலம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது கதிர் நேராக இறங்குகிறது, ஓசோனைக் குறுக்கே கடக்கிற தூரம் குறைவு, ஓரளவு தப்பித்து வருகிறது. காலையில் சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதே கதிர் சாய்வாக, பல மடங்கு தூரம் ஓசோனுக்குள்ளேயே ஓடி வரவேண்டியிருக்கிறது. வெளிச்சம் வந்துவிடும், கொஞ்சம் சூடும் வரும், யு.வி.பி. மட்டும் வழியிலேயே தீர்ந்துபோகும். இளவெயில் இதமாக இருப்பதற்கும் அது வைட்டமின் டி தராததற்கும் காரணம் ஒன்றேதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால்தான் அந்த வெயிலில் போதிய யு.வி.பி. இருக்கிறது. படித்ததும் நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, மார்ச் மூன்றாவது வாரம், நாலு அடி நீளமுள்ள மாப் குச்சியைப் பழைய பெயின்ட் டப்பாவில் மணல் போட்டு நேராக நட்டு, மாடியில் வைத்தேன். கையில் சாக்பீஸ், தையல் டேப். ஏழு மணிக்கு நிழல் இருபது அடிக்கு மேல் ஓடி தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி நின்றது. எட்டு மணிக்கு எட்டு அடிக்குச் சற்று மேல். ஒன்பதுக்கு ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. குச்சியும் நிழலும் சமமாக வந்தபோது மணி ஒன்பது இருபதைத் தாண்டியிருந்தது. பத்து மணிக்கு மூன்று அடி. பன்னிரண்டேகாலுக்கு ஒரு அடிகூட இல்லை, காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஆறு மாதம் நான் நடந்தது, குச்சியைவிட நிழல் ஐந்து மடங்கு நீளமாக இருக்கிற நேரத்தில். மார்கழியில் இன்னும் மோசம், அப்போது சென்னையில் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருப்பதே சுமார் பத்தே காலிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான். கோடையில் ஒன்பது மணி தாண்டியதுமே ஆரம்பித்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒரு நாள் உச்சிப்பொழுதில் சென்னையில் குச்சிக்கு நிழலே விழாது, சூரியன் அச்சாகத் தலைக்கு மேல் வந்துவிடும்.

என் மாப் குச்சி ஆராய்ச்சியைவிட உருப்படியான ஒன்றைப் பக்கத்திலேயே, திருப்பதியில், செய்திருக்கிறார்கள். அந்த 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலையே சின்னச் சின்ன ஆம்பியூலில் அடைத்து, மணிக்கு மணி வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். 2013இல் வெளியானது. வருடம் முழுக்கப் பார்த்ததில் அதிகம் மாறியது காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் இடையில். திருப்பதிக்கும் சென்னைக்கும் வெயிலில் என்ன பெரிய வித்தியாசம்? நாம் குடையை விரிக்கிற நேரம், வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்துகிற நேரம், "இந்த வேகாத வெயில்ல எங்க போற" என்று அம்மா கேட்கிற நேரம், அதுதான் அந்த நேரம்.

இந்த இடத்தில் இளவெயிலுக்காக ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். அது வீண் இல்லை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் ஒழுங்காகும், ராத்திரி தூக்கம் வரும். இந்த ஆறு மாதத்தில் எனக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் காலை வெயிலில் காட்டச் சொல்வதும் இன்னொரு கதை: அங்கே வேலை செய்வது நீல ஒளி, யு.வி.பி. இல்லை. 1950களில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வெயிலில் வைத்த குழந்தையின் மஞ்சள், துணி மூடியிருந்த இடத்தைத் தவிர மற்ற இடத்தில் எல்லாம் குறைந்ததை ஒரு நர்ஸ் கவனித்ததிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற நீல விளக்கு. (அந்த விளக்கு இருக்கும்போது வீட்டில் வெயிலில் காட்டிச் சமாளிக்கக் கூடாது, காமாலை அதிகமானால் ஆபத்து.) இரண்டு நல்ல விஷயங்களோடு மூன்றாவதாக வைட்டமின் டியையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

எனக்குப் படிக்கப் படிக்கப் பிடித்துப்போனது பழைய கதைகள்தான். 1822இலேயே ஸ்னியாடெட்ஸ்கி என்ற போலந்து மருத்துவர், வார்சா நகரத்துக்குள் வளர்கிற குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது, கால் வில்லாக வளைகிறது, சுற்றுக் கிராமத்துக் குழந்தைகளுக்கு வருவதில்லை, வெயில்தான் மருந்து என்று எழுதிவிட்டார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் உலகப் போர் முடிந்த சமயம் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், பட்டினியிலும் இருட்டிலும் எலும்பு மெலிந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் படுக்கவைத்தார். எலும்பு தேறியது. அதைவிட அவர் செய்த இன்னொரு காரியம்தான் பிரமாதம். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டிவிட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஒளியே படாத மறு கையின் எலும்பும் சேர்ந்தே தேறியிருந்தது. ஒளி எலும்பை நேராகக் குணப்படுத்தவில்லை, தோலில் ஏதோ ஒன்று தயாராகி ரத்தத்தில் ஊரெல்லாம் சுற்றுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அது என்ன பொருள் என்று தெரியாமலேயே கண்டுபிடித்திருக்கிறார். வைட்டமின் டி என்ற பெயரே 1922இல்தான் வந்தது, மீன் எண்ணெயிலிருந்து. இந்த வகை மூலக்கூறுகளைத் துப்புத் துலக்கிய அடால்ஃப் வின்டாஸுக்கு 1928இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, என் கைக்கு வருகிறேன். என் வலது கை இடது கையைவிட நன்றாகக் கறுப்பு, முழங்கைக்குக் கீழே கோடு போட்ட மாதிரி தெரியும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் ஓட்டுகிறேன். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம், சாயங்காலம் திரும்பி வரும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கம். பல்லாவரத்தில் சிக்னலில் நிற்கிற நேரத்தையெல்லாம் கூட்டினால் வாரத்துக்குப் பல மணி நேரம் அந்தக் கை வெயிலில் காய்கிறது. அப்படியும் ஏன் 11? கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும், யு.வி.ஏ. என்கிற நீள அலைக் கதிரைப் பெருமளவு விட்டுவிடும். தோலைக் கறுக்கவைக்கவும் சுருக்கம் விழவைக்கவும் யு.வி.ஏ. போதும், வைட்டமின் டி செய்ய அதற்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது கறுப்பு மட்டும். ஆபீஸில் கண்ணாடிச் சுவர் ஓரமாக எனக்கு இடம், "உனக்கென்ன நல்ல வெளிச்சம்" என்று பொறாமைப்படுவார்கள். அதுவும் இதே கணக்குதான்.

சூட்டையும் யு.வி.பி.யையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தப்பு. உடம்பில் சுடுவது அகச்சிவப்புக் கதிர். யு.வி.பி. பட்டால் அந்த நிமிடம் ஒன்றுமே தெரியாது. ஊட்டிக்குப் போய் மூன்று நாள் ஸ்வெட்டரோடு சுற்றிவிட்டு வந்தால் கன்னமும் மூக்கும் கறுத்துத் தோல் உரிகிறதே, ஏன்? 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குளிர் காற்றில் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான். நான் மே மாதம் நாலரை மணிக்குப் புழுங்கிக்கொண்டு கடைக்குப் போய்வந்து "இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது" என்று நினைத்ததும் தப்பு. நிழல் நீண்டுவிட்ட நேரம் அது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். எனக்கு வெயிலில் நிற்கத் தெரியாமல் போனது ஆபீஸால் மட்டும் இல்லை. ஏழாவது படிக்கும்போது பி.டி. பீரியடில் த்ரோ பால் ஆடிவிட்டு வந்தால் பாட்டி முகத்தைத் திருப்பிப் பார்த்து, "கரிச்சட்டி மாதிரி ஆயிட்டே, யாரு கட்டுவா" என்பார். கடலை மாவு, தயிர், எலுமிச்சை எல்லாம் முகத்தில் அப்புவார்கள். தலைவலி என்று சொல்லி பி.டி.க்கு மட்டம் போட ஆரம்பித்தேன். இன்றைக்கும் பத்து மணிக்கு எந்தச் சிக்னலிலும் பாருங்கள், ஸ்கூட்டரில் போகிற பெண்கள் முழங்கை வரை கிளவுஸ், துப்பட்டாவால் முகமூடி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. புகைக்காக என்றால் புரிகிறது. கிளவுஸ் எதற்கு? கறுத்துவிடும் என்ற பயம்தான். கல்யாணச் சந்தையில் நிறத்துக்கு வைத்திருக்கிற விலையைப் பெண்களின் எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது.

இதில் வேடிக்கை, நம் தோலின் கறுப்பே இந்த வெயிலுக்காக வந்ததுதான். மெலனின் நம் தோல் தானே பூசிக்கொண்டிருக்கிற சன்ஸ்கிரீன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அடர்த்தியாகவும், வடக்கே போகப் போக வெளிறியும் இருப்பதற்கு ஒரு பக்கம் ரத்தத்தில் உள்ள ஃபோலேட் என்ற பி வைட்டமின் வெயிலில் அழியாமல் காப்பது, மறு பக்கம் குறைந்த வெயிலிலும் வைட்டமின் டி செய்துகொள்வது, இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த சமரசம்தான் காரணம் என்று நினா ஜப்லான்ஸ்கி போன்ற மானிடவியலாளர்கள் சொல்கிறார்கள். மெலனினும் யு.வி.பி.யை உறிஞ்சுவதால் வெள்ளைக்காரருக்கு எழுதிய "பத்து நிமிடம் போதும்" என்ற கணக்கு நமக்குச் சரிவராது. அதே அளவு உண்டாக நமக்குப் பல மடங்கு நேரம் வேண்டும். வயலில் நாள் முழுக்க முதுகு காயக் களையெடுத்தவர்களுக்கு அது தானாகவே கிடைத்தது. நமக்கும் அதே தோல், ஆனால் வாழ்க்கை ஏசி அறையில்.

என் சித்தி மகள் டொராண்டோவில் இருக்கிறாள், அவளுக்கு இதைச் சொன்னபோது சிரித்தாள். அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உச்சிப் பொழுதில்கூட சூரியன் எழும்புகிற உயரம் போதாது, பனியில் வெயில் கண்ணைப் பறிக்கும், தோலில் ஒன்றும் உண்டாகாது. அதனால்தான் கனடாவில் பாலில் வைட்டமின் டி சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. "எங்களுக்கு வெயில் இல்ல, அதனால மாத்திரை. உங்களுக்கு என்னடி கேடு?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. லண்டனில் இருக்கிற நம் ஆட்களுக்கும் இது தெரிந்திருக்கும், கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்கத் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அங்குள்ள அரசு மருத்துவத் துறை.

சாப்பாட்டில் கிடைக்காதா என்றால், கிடைக்கும், சொற்பம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்கள், முட்டை மஞ்சள் கரு. நம் ஊர்ப் பரிந்துரை பெரியவர்களுக்குத் தினம் 600 யூனிட். தினமும் மத்தி சாப்பிடுகிற வீடு என்றால் யோசிக்கலாம், எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் மீன். சில பால் பாக்கெட்டிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் நீல நிறத்தில் +எஃப் என்று ஒரு முத்திரை இருக்கும், வைட்டமின் ஏவும் டியும் சேர்த்தது என்று அர்த்தம். காளானில் ஒரு விசேஷம் உண்டு: அதை வெட்டி உச்சி வெயிலில் வைத்தால் அதிலேயே வைட்டமின் டி2 உண்டாகும். நம் தோல் செய்கிற வேலையை அது செத்த பிறகும் செய்கிறது.

கடைசியில் சாஷேயும் வாங்கினேன். டாக்டரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன், திட்டாமல் அதையே மறுபடி எழுதிக்கொடுத்தார். 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம், பாலில் கலந்து, ஏனென்றால் இது கொழுப்பில்தான் கரையும். இயற்கை என்று நான் பிடித்த பிடிவாதத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பொடி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆட்டு ரோமத்திலிருந்து. கம்பளி கழுவும்போது வருகிற மெழுகிலிருந்து 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைச் செய்து, புற ஊதா விளக்கைக் காட்டி, வைட்டமின் டி3 எடுக்கிறார்கள். என் மாடியில் நடக்க மறுத்தது ஏதோ ஒரு தொழிற்சாலையில் விளக்குக்கு அடியில் நடந்திருக்கிறது. சுத்த சைவம் வேண்டும் என்பவர்களுக்குப் பாறைப்பாசி மாதிரி இருக்கிற லைக்கனிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதைப் பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்று. தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தாகம், சிறுநீரகக் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வெயிலில் இந்தப் பயம் இல்லை. தேவைக்கு மேல் ஒளி பட்டால் பாதியில் நிற்கிற பொருளைத் தோலே வேலைக்கு ஆகாத வேறு பொருட்களாக மாற்றித் தள்ளிவிடுகிறது. அதனால் இரண்டு மணி நேரம் காய்ந்தால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள், தோல் வெந்துபோவது மட்டும்தான் மிச்சம். மாத்திரைக்கு அப்படி ஒரு கதவு கிடையாது.

ஜூலையில் பார்த்தபோது 34. கால் வலி குறைந்திருக்கிறது. ஆனால் அதே சமயம் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டேன், எது வேலை செய்தது என்று சத்தியம் பண்ணமாட்டேன். அந்த 30 என்ற கோட்டைப் பற்றியே டாக்டர்களுக்குள் சண்டை இருக்கிறது. எலும்புக்கு 20 போதும் என்று அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2010 வாக்கிலேயே சொல்லிவிட்டது. 30 வேண்டும் என்று சொன்ன ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமே 2024இல் அந்தக் கோட்டைக் கைவிட்டு, ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்கள் சும்மா இதைப் பரிசோதிக்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறது. 25,871 பேருக்குத் தினம் 2,000 யூனிட்டோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில் புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதிய அளவு இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஆகையால் 27 என்று ரிப்போர்ட் வந்ததற்குப் பதறிப்போய் எனக்கு மெசேஜ் போடுகிறவர்களே, பதற ஒன்றும் இல்லை. என் 11 வேறு விஷயம்.

இப்போது நான் செய்வது: வாரத்தில் நாலைந்து நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், பதினொன்றரை வாக்கில் ஆபீஸ் பின்பக்கம் பார்க்கிங்கில் கையை மடித்துவிட்டுக்கொண்டு இருபது நிமிடம் நடக்கிறேன். முகத்துக்கு சன்ஸ்கிரீனும் தொப்பியும் உண்டு, முகத்தின் பரப்பு சின்னது, சுருக்கம் விழுவதும் அங்கேதான். கைக்கும் காலுக்கும் ஒன்றும் இல்லை. மே மாதத்தில் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, ஒன்பதரைக்கு நகர்த்திக்கொள்வதாகத் திட்டம், அக்னி நட்சத்திரத்தில் உச்சியில் நின்று மயங்கி விழ எனக்கு ஆசையில்லை. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிப்போகாது. வெயில் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், லூபஸ் மாதிரி நோய் உள்ளவர்கள், வெயில் ஆகாத மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கவேண்டாம், அவரவர் டாக்டரைக் கேளுங்கள்.

அம்மாவுக்கும் எடுத்துப் பார்த்தோம். 14. அம்மா நம்பவே இல்லை. "வருஷா வருஷம் சித்திரை வெயில்ல மாடியிலதானடி கெடக்கேன், வடகம் யாரு போடறா?" என்றாள். கூடப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலை ஆறரைக்கே கூழைக் கிளறி எடுத்துக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் வேட்டித் துணியில் பிழிந்து முடித்துவிடுகிறாள். அப்புறம் மூன்று மணி வரை படிக்கட்டுத் தலைவாசல் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் குடையை ஆட்டி ஆட்டிக் காக்கா விரட்டுகிறாள். உச்சி வெயில் பூராவும் வடகத்துக்கு. அறுபத்தெட்டு வயது வேறு. வயதான தோலில் மூலப்பொருளே குறைந்துவிடும், இளம் தோல் செய்வதில் பாதிகூடச் செய்யாது. அம்மாவுக்கு சாஷேதான் முக்கியம் என்று டாக்டரும் சொன்னார்.

ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஸ்டூலைத் தூக்கி வடகத் துணிக்குப் பக்கத்தில் வெயிலில் போட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தவிடாமல் அம்மாவை உட்காரவைத்தேன். கையை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பக்கம் காஞ்சாச்சு. திருப்பிப் போடணுமா?"